லெப்பர்ட் கெக்கோ இரை எடுக்கவில்லையா? குடற்புழு மருந்துக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று வயது ஆண் லெப்பர்ட் கெக்கோ (செல்லமாக வளர்க்கும் பல்லி) இருக்கிறது. நான்கு வாரமாக இரையைத் தொடவே இல்லை. 68 கிராம் இருந்த எடை 61 ஆகிவிட்டது. போன வாரம் போட்ட எச்சம் தண்ணீராகவும் கடும் நாற்றத்தோடும் இருந்தது. அதில் வெள்ளை நூல் மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தது. தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடேறும் விரிப்பு) உண்டு. கண்ணாடியில் ஒட்டிய வெப்பமானி 28 டிகிரி காட்டுகிறது. இரண்டு மாதத்துக்கு முன் இன்னொரு கெக்கோ வாங்கிப் பக்கத்துத் தொட்டியில் வைத்தோம். அது நன்றாகச் சாப்பிடுகிறது. நாய்க்குட்டிக்கு வாங்கிய குடற்புழு சிரப் வீட்டில் இருக்கிறது. அதில் ஒரு சொட்டு கொடுக்கலாமா? வாயைத் திறந்து இரையை ஊட்டலாமா? வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறாள். அவளுக்கு ஏதாவது தொற்றுமா?

பதில்: அந்தச் சிரப்பைக் கொடுக்காதீர்கள், ஒரு சொட்டுகூட வேண்டாம். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஊர்வனவற்றின் குடற்புழுவுக்கு அதிகம் பயன்படும் மருந்து ஃபென்பெண்டசோல். ஒரு கிலோ எடைக்கு 25 மில்லிகிராம் என்ற அளவில் மருத்துவர் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், 61 கிராம் கெக்கோவுக்குத் தேவை சுமார் 1.5 மில்லிகிராம். ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் மருந்துள்ள திரவத்தில் இது வெறும் 0.015 மில்லி. பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டோ ஏறக்குறைய 0.05 மில்லி இருக்கும். மூன்று மடங்குக்கு மேல் போய்விடுகிறது. இந்த மருந்து அளவு மீறினால் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி வெள்ளை அணுக்களைக் குறைக்கும், குடலின் உட்படலத்தைச் சிதைக்கும். இவ்வளவும் உங்கள் சிரப்பில் ஃபென்பெண்டசோல் மட்டும் இருந்தால்தான். நாய்களுக்கான சிரப்புகளில் இரண்டு மூன்று மருந்துகள் கலந்திருப்பது சாதாரணம். ஐவர்மெக்டின் சேர்ந்தவையும் உண்டு. ஆமைகளுக்கு அது விஷம். சிறிய பல்லிகளிலும் அளவு சற்றுக் கூடினாலே நரம்பைத் தாக்கிவிடும்.

அளவைச் சரியாக எடுத்தாலும்கூட, உடம்பில் நீர் வற்றி, சூடும் போதாமல் கிடக்கிற கெக்கோவுக்கு மருந்து கொடுப்பது ஆபத்து. மருந்தை உடைத்து வெளியேற்ற வேண்டிய ஈரலும் சிறுநீரகமும் அந்த நிலையில் பாதி வேகத்தில்தான் வேலை செய்யும். அதனால் முதலில் சூடு, அடுத்து நீர், பிறகு எச்சப் பரிசோதனை, அதற்குப் பின்தான் மருந்து. இரையும் சூடும் நீரும் சரியான பிறகுதான். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நான்கு வாரப் பட்டினி என்பது மட்டுமே பயப்பட வேண்டிய விஷயம் அல்ல. வாலில் கொழுப்பு சேர்த்து வைக்கும் இனம் இது. குளிர் மாதங்களிலும் இணை சேரும் பருவத்திலும் வளர்ந்த ஆண் கெக்கோ பல வாரம் இரையை மறுப்பது உண்டு. அப்போது கண் தெளிவாக இருக்கும், வால் கழுத்தளவு பருமன் குறையாமல் இருக்கும், எடை பெரிதாக இறங்காது. உங்கள் கெக்கோ 68இலிருந்து 61க்கு வந்திருக்கிறது. பத்து சதவீதத்துக்குச் சற்றே கூடுதல். கூடவே தண்ணீராக, நாற்றமெடுக்கும் எச்சம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இது பருவப் பட்டினி அல்ல. இந்த வாரமே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

சூட்டிலிருந்து தொடங்கலாம். கண்ணாடியில் ஒட்டிய வெப்பமானி காட்டும் 28 உங்களுக்கு எதையும் சொல்வதில்லை. அது கண்ணாடிச் சுவரையொட்டிய காற்றின் சூடு. கெக்கோ வயிற்றை வைத்துப் படுக்கும் தரையின் சூடுதான் செரிமானத்தை நடத்துகிறது. சென்சார் ஒயர் உள்ள டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கி, சென்சாரைச் சூடான பக்கத்து மறைவிடத்துக்குள் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அங்கே 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் 24 முதல் 26. உங்கள் கெக்கோவின் தற்போதைய நிலையில் சூடான மறைவிடத்தை இரவிலும் 28க்குக் கீழே விடாதீர்கள்.

தரை 26 அல்லது 27 டிகிரியில் நின்றால் விழுங்கிய பூச்சி செரிக்காமல் வயிற்றிலேயே அழுகத் தொடங்கும். வாயு சேரும், சில சமயம் கக்கிவிடும். குடல் மெதுவாகிற இடத்தில் ஒட்டுண்ணிகள் பெருகும், நோயெதிர்ப்பும் தளரும். கொஞ்சம் புழுவோடு பல மாதம் ஆரோக்கியமாக இருந்த கெக்கோ திடீரென்று விழுவதற்கு ஹீட் மேட் பழுதானது மட்டுமே காரணமாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. மேட்டுக்கு மேல் கனமான பலகையோ பல அடுக்குத் தாளோ இருந்தாலும் சூடு மேலே வராது. ஓட்டுத்துண்டோ டைல்ஸோ இருந்தால் நன்றாகக் கடத்தும். தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் மேட்டை நேரடியாக மின்சாரத்தில் செருகியிருந்தால் இன்றே நிறுத்திவிட்டு ஒரு தெர்மோஸ்டாட் வாங்குங்கள். கட்டுப்பாடு இல்லாத மேட் 40 டிகிரியைத் தாண்டக்கூடியது. வயிற்றுப்புறம் வெந்து போவது வெளியே தெரியவே நாளாகும்.

அடுத்தது நீர். கண் குழிவிழுந்திருக்கிறதா, விலாவில் தோல் மடிந்து அப்படியே நிற்கிறதா, வாயோர எச்சில் பிசுபிசுவென்று இழுக்கிறதா, எச்சத்தின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகிக் கட்டியாக வருகிறதா என்று பாருங்கள். இவை நீர் வற்றியதன் அடையாளங்கள். மூடியில் துளை போட்ட டப்பா ஒன்றில் 28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரை, கெக்கோவின் வயிறு நனைகிற உயரத்துக்கு மட்டும் ஊற்றி, நாளுக்கு ஒரு முறை 15 நிமிடம் வையுங்கள். பலவீனமான கெக்கோ ஆழமில்லாத தண்ணீரிலும் மூழ்கும். பக்கத்தை விட்டு நகராதீர்கள். வெளியே எடுத்தபின் மூக்கின் நுனியில் ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் வைத்தால் தானே நக்கிக் குடிக்கும். தொட்டியின் நடுப்பகுதியில் ஈரமான டிஷ்யூ போட்ட மறைவிடமும் இருக்கட்டும். சட்டை உரிக்கும்போது கால்விரலிலும் கண்ணோரத்திலும் தோல் ஒட்டிக்கொண்டால் அதுவும் பசியைக் கெடுக்கும் என்பதால், அந்த இடங்களை விளக்கொளியில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இந்தக் குளியல் இன்னொரு வகையிலும் உதவும். பல நாள் சாப்பிடாத கெக்கோ பெரும்பாலும் வெதுவெதுப்பான நீரில்தான் எச்சம் போடும். உங்களுக்கு வேண்டியது அந்த எச்சம்.

நீங்கள் பார்த்த ‘வெள்ளை நூல்’ என்னவென்று இப்போது பார்க்கலாம். அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். கறுப்புத் தாளை ஒரு கண்ணாடித் துண்டின் அடியில் வைத்து, மேலே ஒரு சொட்டுத் தண்ணீரில் அதைப் போட்டு, குச்சியால் மெல்லத் தொடுங்கள். சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தால் அது யூரேட், அதாவது கெக்கோவின் கெட்டியான சிறுநீர். விரிந்து, கண்ணாடிபோல் தெரிந்து, புள்ளிப்புள்ளியான மேடுகள் வரிசையாக இருந்தால் அது கெக்கோ தின்ற தன்னுடைய சட்டைத் தோல். இரண்டு முனையும் ஊசியாகக் குறுகி, சில மில்லிமீட்டர் நீளத்தில், தொட்டும் உருவம் கலையாமல் இருந்தால் அது ஊசிப்புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். நெளிந்தால் சந்தேகமே வேண்டாம். படம் எடுத்து வையுங்கள். ஆனால் வெறுங்கண்ணுக்குத் தெரியாதவைதான் உங்கள் கெக்கோவின் விஷயத்தில் முக்கியம்.

மருத்துவரிடம் கொண்டுபோகும் எச்சம் காய்ந்திருக்கக் கூடாது. பழுப்புப் பகுதியும் வெள்ளைப் பகுதியுமாக முழுவதையும் மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டு, மருந்துக்கடை சலைன் (உப்புநீர்) இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். குழாய்த் தண்ணீர் விட்டால் மென்மையான ஒற்றைச் செல் உயிர்கள் உப்பி வெடித்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க முடிந்தால் குளிரூட்ட வேண்டாம். முடியாவிட்டால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், உணவுப் பொருளிலிருந்து தள்ளி, வெளிப்பையும் போட்டு வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுங்கள். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. எச்சமே வரவில்லையென்றால் மருத்துவர் கழிவுத்துளை வழியாகச் சிறிது சலைன் செலுத்திக் கழுவி எடுப்பார்.

அங்கே இரண்டு சோதனைகளையும் கேட்டு வாங்குங்கள். ஒன்று நேரடி ஈரப் பூச்சு, அதாவது ஈரமான எச்சத்தை அப்படியே நுண்ணோக்கியில் பார்ப்பது. உயிரோடு நீந்தும் கசையுயிரிகள் (வால் போன்ற இழையுள்ள ஒற்றைச் செல் உயிர்கள்) இதில் மட்டும்தான் தெரியும். இன்னொன்று அடர்த்தியான உப்புக்கரைசலில் முட்டைகளை மிதக்க வைத்துப் பார்ப்பது; ஊசிப்புழு முட்டைகளும் காக்சிடியா என்ற ஒற்றைச் செல் குடல் ஒட்டுண்ணியும் இதில் அகப்படும். முட்டைகள் தினமும் வெளிவருவதில்லை. அதனால் ஒரு முறை ‘ஒன்றுமில்லை’ என்று வந்தால் அதோடு விடாமல், சில நாள் இடைவெளியில் மொத்தம் மூன்று மாதிரிகளாவது பாருங்கள்.

விடை எப்படி வந்தாலும் அதைக் கெக்கோவின் நிலையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஊசிப்புழு முட்டை இரண்டொன்று ஆரோக்கியமான கெக்கோவிடமும் இருக்கும். எடை குறையாத, நன்றாகச் சாப்பிடுகிற கெக்கோவுக்கு அதற்காக மருந்து கொடுக்காமல் தொட்டிச் சுத்தத்தை மட்டும் கூட்டும் மருத்துவர்கள் உண்டு. அது சரியான முடிவு என்றே சொல்வேன். உங்கள் கெக்கோவின் நிலைக்கு, எண்ணிக்கை அதிகமாக வந்தால் மருந்து தேவைப்படும். முதல் வேளை முட்டைகளைக் கொல்லாது என்பதால், இரண்டு வாரம் போல விட்டு மறுபடி கொடுப்பார்கள். காக்சிடியாவுக்கு மருந்து வேறு. கசையுயிரிகள் மிக அதிகமாக இருந்தால் மெட்ரோனிடசோல் தரப்படும். அதிலும் அளவு கூடினால் தலை சாயும், நடை தள்ளாடும். இன்னொன்றும் உண்டு: இரைப்பூச்சியின் குடலில் வாழும் ஒட்டுண்ணிகள் கெக்கோவின் எச்சத்தில் அப்படியே வந்து இறங்கும். அவற்றைக் கெக்கோவின் நோயாக எண்ணி மருந்து கொடுத்துவிடக் கூடாது. ஊர்வன எச்சம் பார்த்துப் பழகியவரிடம் போகச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

கிரிப்டோஸ்போரிடியம் (சுருக்கமாகக் கிரிப்டோ) என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது புதிய கெக்கோவின் வருகைதான். லெப்பர்ட் கெக்கோவின் சிறுகுடலைத் தாக்குவது கிரிப்டோஸ்போரிடியம் வரானி. வால் குச்சியாக மெலிவது, தண்ணீராக நாறும் எச்சம், செரிக்காத பூச்சி அப்படியே வெளிவருவது, கக்குவது ஆகியவை அதன் அறிகுறிகள். சாப்பிட்டுக்கொண்டே மெலியும் கெக்கோக்களும் உண்டு. வெளியே எதையுமே காட்டாமல் பல மாதம் பிறவற்றுக்குப் பரப்பும் கெக்கோக்களும் உண்டு. எனவே புதியது நன்றாகச் சாப்பிடுகிறது என்பது அது நோயற்றது என்பதற்குச் சான்று ஆகாது. இதன் முட்டையுறைகள் 4, 5 மைக்ரான் அளவே இருப்பதால் வழக்கமான மிதவைச் சோதனையில் எளிதில் தவறிவிடும். அமில நிலைச் சாயம் ஏற்றிப் பார்ப்பது அல்லது பிசிஆர் (ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் சோதனை) என்று பெயர் சொல்லியே கேளுங்கள். பிசிஆரிலும் ஒரு முறை ‘இல்லை’ என்று வருவது முடிவான விடை ஆகாது. சில வாரம் விட்டுத் திரும்பச் செய்ய வேண்டும்.

‘இருக்கிறது’ என்று வந்தால் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும்: முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இதற்கு இல்லை. பாரோமோமைசின் என்ற மருந்து ஒட்டுண்ணியின் எண்ணிக்கையைக் குறைத்து, சில கெக்கோக்களுக்கு எடையைத் திரும்பத் தரும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மறுபடி தலைதூக்கும். தனியாக, அமைதியாக, இருக்கிறவரை பேணுவதா, மிகவும் மெலிந்து வதைபடுகிற நிலையில் வலியில்லாமல் முடிப்பதா என்று மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். சோதனை முடிவு வருவதற்கு முன்பே ‘குச்சிவால்’, அதாவது கிரிப்டோ நோய் என்று தீர்ப்பு எழுதிவிடவும் வேண்டாம். சூடு குறைந்த தொட்டியும் ஊசிப்புழுவும் சேர்ந்தாலே இதே தோற்றம் வரும், அது குணமாகக்கூடியது.

முடிவு வரும்வரை கிரிப்டோ இருப்பதாகவே வைத்துக்கொண்டு நடங்கள். இரண்டு தொட்டிகளையும் வெவ்வேறு அறைக்கு மாற்றுங்கள். அதனால் இன்னொரு நன்மையும் உண்டு: புதியது பெண்ணாக இருந்தால் அதன் வாசனையும் தோற்றமுமே ஆணின் பசியைக் கெடுத்திருக்கலாம். இடுக்கி, தண்ணீர்க் கிண்ணம், சுத்தம் செய்யும் துணி எல்லாம் தனித்தனி. முதலில் நன்றாக இருப்பதைக் கவனியுங்கள், கடைசியாக நோயாளியை. தரையில் மண், தேங்காய் நார் எதுவும் வேண்டாம். வெறும் டிஷ்யூ பேப்பர் போட்டு தினமும் மாற்றுங்கள். எச்சத்தைக் கண்டவுடன் எடுங்கள். காக்சிடியாவின் சில வகைகள் வெளியே வந்து ஒரு நாள் போலக் கழிந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். உடனே எடுத்தால் சுழற்சி அங்கேயே அறுந்துவிடும். கிரிப்டோ வெளிவரும்போதே தொற்றக்கூடியது என்பதால் அதற்கு இந்தச் சலுகை கிடையாது. தின்னாமல் விட்ட பூச்சியைத் திரும்ப இரைப்பெட்டியில் போடவே கூடாது. அது எச்சத்தின் மேல் நடந்து, அதைத் தின்று, புழு முட்டையை அடுத்த கெக்கோவின் வாய்க்கே கொண்டுபோகும்.

கிரிப்டோவை சாதாரண பிளீச் கொல்லாது. கிண்ணம், மறைவிடம் போன்றவற்றைச் சோப்புப் போட்டுத் தேய்த்தபின் கொதிநீரில் போடுங்கள். தொட்டியின் மூலைகளுக்கு நீராவி பயன்படும். கண்ணாடி விரிசல் விடாதபடி மெதுவாகச் சூடேற்றுங்கள். அம்மோனியாவும் வேலை செய்யும் என்பதால் சிலர் அதையும் பிளீச்சையும் கலந்துவிடுகிறார்கள். அந்தக் கலவையிலிருந்து கிளம்பும் வாயு உங்கள் நுரையீரலைப் பொசுக்கும். மரக்கட்டை, பட்டை, கார்க் போன்றவற்றைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அவற்றைச் சுத்தம் செய்ய வழியில்லை.

இனி, ஊட்டுவது. வாயை நெம்பித் திறக்காதீர்கள். கால்சியம் குறைந்த கெக்கோவின் தாடை ரப்பர்போல் மெத்தென்று இருக்கும், அழுத்தினால் உடையும். பயந்தால் வாலையே உதறிவிடும்; வால்தான் இப்போது அதனிடம் மிச்சமிருக்கும் சேமிப்பு. சூடும் நீரும் சரியாகி இரண்டு மூன்று நாள் ஆன பிறகு, இடுக்கியால் ஒரே ஒரு சிறு பூச்சியை அந்தி நேரத்தில் காட்டுங்கள். பூச்சியின் அகலம் கெக்கோவின் இரு கண்களுக்கு இடையிலான தூரத்தைத் தாண்டக் கூடாது. புதிதாகச் சட்டை உரித்து வெள்ளையாக இருக்கும் மீல்வார்ம் (இரையாகக் கொடுக்கும் ஒரு புழு) மென்மையாக இருப்பதால் நல்ல தொடக்கம். அசைவைப் பார்த்தும் வரவில்லையென்றால், புழுவின் தலையை நசுக்கிக் கசியும் சாற்றைக் கெக்கோவின் உதட்டில் தடவுங்கள். பல கெக்கோக்கள் நக்கிப் பார்த்துவிட்டு அப்படியே கவ்விக்கொள்ளும். கால்சியத் தூளை இப்போதைக்குப் பூச்சியின் மேல் அப்பாமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தூள் அதிகமானால் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். கொழுத்த மெழுகுப்புழுவைப் பழக்கப்படுத்தினால் வேறெதையும் தொடாது என்பதும், பட்டினி கிடந்த உடம்பில் ஈரலுக்கு அது சுமை என்பதும் நினைவிருக்கட்டும். இரவில் சுவர்க்கோழியைத் தொட்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சோர்ந்து கிடக்கும் கெக்கோவின் விரலையும் கண்ணோரத்தையும் அது கடிக்கும்.

எடை இன்னும் இறங்கினால் ஊன் உண்ணும் விலங்குகளுக்கான மீட்பு உணவுத் தூளை மருத்துவர் பரிந்துரைப்பார். அதை நீர்க்கக் கரைத்து, ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சால் மூக்கு நுனியில் சொட்டுச் சொட்டாக வைத்து நக்க விடுவதே பாதுகாப்பு. 61 கிராம் கெக்கோவுக்கு முதல் முறை 0.3 மில்லி போதும். கக்காமல் தங்கினால் 0.6 மில்லி வரை கூட்டலாம். நீண்ட பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாக வயிற்றை நிரப்பினால் இரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவுகள் தடாலென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஊட்டியபின் அன்று முழுவதும் தூக்காதீர்கள்.

ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையல் தராசில் இரண்டு நாளுக்கொரு முறை, ஒரே நேரத்தில், குளியலுக்கு முன் எடை எடுத்து எழுதி வையுங்கள். அந்தத் தாள், தரைச் சூட்டின் அளவுகள், தொட்டியின் படம், கொடுக்கும் தூள்களின் லேபிள் எல்லாவற்றையும் எச்சத்தோடு கொண்டுபோங்கள். புதியதன் எச்சமும் கூடவே போகட்டும். எடை 58 கிராமுக்குக் கீழே இறங்கினாலோ, கக்கினாலோ, எச்சத்தில் இரத்தம் தெரிந்தாலோ, கழிவுத்துளையில் சதை பிதுங்கினாலோ, கால் நடுங்கினாலோ, இழுத்து நடந்தாலோ, குறித்த நாளுக்குக் காத்திராமல் அன்றே போக வேண்டும்.

குழந்தையைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது சால்மோனெல்லா. ஆரோக்கியமாகத் தோன்றும் ஊர்வனவும் அதைச் சுமக்கும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அது கடுமையாகத் தாக்கக்கூடியது. இப்போதைக்கு அவள் கெக்கோவையோ தொட்டியையோ தொட வேண்டாம், பார்க்கட்டும். நீங்கள் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். கிண்ணத்தையும் குளியல் டப்பாவையும் சமையலறைத் தொட்டியில் கழுவாமல், கழிவறைப் பக்கம் தனியாகக் கழுவி, அந்த நீரைக் கழிப்பறைக்குள் ஊற்றுங்கள். அவளுக்குக் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால், வீட்டில் பல்லி வளர்ப்பதை முதல் வாக்கியமாகவே குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.